பந்தலும் கிணறும்

(மென்பொருள் குழுக்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோஎஸ்கியூஎல் தரவுத்தளங்களையும், பராமரிப்பைக் கம்பெனிக்காரனே பார்த்துக்கொள்ளும் கன்டெய்னர் சேவைகளையும் ஒப்பிட்டுப் பேசுங்கள் என்று அழைப்பில் எழுதியிருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இட்லியா, இட்லிப் பானையா என்று பட்டிமன்றம் வைத்தால் எந்த அணியில் போய் உட்காருவது? ஒன்று தகவலைச் சேமிக்கும் இடம். இன்னொன்று நிரலை ஓட்டும் இடம். இரண்டும் எல்லாருக்கும் வேண்டும்.

அழைத்தவரிடம் போனில் இதைச் சொன்னேன். அவர் ஒரு சிறிய நிறுவனத்தில் டீம் லீட். "தெரியும் சார். ஆனால் எங்கள் சண்டை இதில்தான் நடக்கிறது. எந்த ஹோஸ்டிங் என்று மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை" என்றார். தரவுத்தளம் எது என்று கேட்டேன். "அதை ஒரு மத்தியானம் முடிவு செய்துவிட்டோம். ஒரு பையனுக்கு மாங்கோடிபி தெரியும்."

அப்போதுதான் எனக்குப் பேசுவதற்கு விஷயம் கிடைத்தது. மூன்று வாரம் போக வேண்டிய இடத்தில் ஒரு மத்தியானம் போயிருக்கிறது. ஒரு மத்தியானம் போதும் என்கிற இடத்தில் மூன்று வாரம் போய்க்கொண்டிருக்கிறது. இன்று நான் பேசப்போவது இந்தத் தலைகீழைப் பற்றித்தான்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தல்காரருக்குச் சொல்லி அனுப்பினால் குழாயும் துணியுமாக வண்டியில் வந்து இறங்குவார். கூட்டம் அதிகம் என்றால் இன்னும் நாலு கால் நட்டு நீட்டிவிடுவார். முகூர்த்தம் முடிந்த மறுநாள் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரோடு மனஸ்தாபம் வந்தால் அடுத்த விசேஷத்துக்கு வேறு ஆள். கிணறு அப்படியா? தாத்தா வெட்டியது. உப்புத் தண்ணீர் ஊறினாலும் அதுதான், நல்ல தண்ணீர் ஊறினாலும் அதுதான். இடம் பிடிக்கவில்லை என்று கிணற்றைத் தூக்கிப் பக்கத்து மனையில் வைக்க முடியாது. புதிதாக வெட்டத்தான் வேண்டும். அது வெட்டி முடியும்வரை பழையதில்தான் இறைக்க வேண்டும்.

கன்டெய்னர் சேவை பந்தல். தரவுத்தளம் கிணறு.

இந்த இரண்டுக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. 2007-இல் நியூயார்க்கில் டென்ஜென் என்றொரு கம்பெனி தொடங்கியது. டபுள்கிளிக் விளம்பர நிறுவனத்தில் இருந்த ட்வைட் மெரிமன், எலியட் ஹோரோவிட்ஸ், கெவின் ரயன் ஆகியோர் தொடங்கியது. அவர்கள் நினைத்தது தரவுத்தளம் விற்க அல்ல. நிரலை எழுதிக் கொடுத்தால் போதும், ஓட்டுவதும் வளர்ப்பதும் எங்கள் பொறுப்பு என்கிற முழுத் தளம் ஒன்றைக் கட்டத்தான். அந்தத் தளத்துக்காக ஒரு தரவுத்தளத்தையும் தாங்களே எழுதினார்கள். தளத்தை வாங்க ஆள் வரவில்லை, உள்ளே இருந்த தரவுத்தளத்தைத்தான் எல்லாரும் கேட்டார்கள். 2009-இல் அதை மட்டும் திறமூலமாக வெளியிட்டார்கள். அதுதான் மாங்கோடிபி. 'ஹியூமங்கஸ்' என்ற சொல்லின் வயிற்றிலிருந்து எடுத்த பெயர். மாங்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த கதை டாட்கிளவுட். இதுவும் அதே கனவுதான்: நிரலைக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 2010-இல் ஒய் காம்பினேட்டரில் பயிற்சி பெற்று வளர்ந்த கம்பெனி. பல வாடிக்கையாளர்களின் நிரல்களை ஒரே இயந்திரத்தில் ஒன்றோடொன்று மோதாமல் ஓட்ட உள்ளுக்குள் ஒரு கருவி வைத்திருந்தார்கள். 2013 மார்ச்சில் சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் கம்பெனியின் நிறுவனர் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடம் மேடையேறி அந்தக் கருவியை ஓட்டிக் காட்டினார். அதன் பெயர் டாக்கர். அந்த வருடமே கம்பெனியின் பெயரும் டாக்கர் ஆனது. டாட்கிளவுட் தளம் 2014-இல் ஒரு ஜெர்மன் கம்பெனிக்குக் கைமாறியது. 2016-இல் அந்தக் கம்பெனியும் திவாலாகி, தளம் மூடப்பட்டது.

கல்யாணத்தையே குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம் என்று கிளம்பிய இரண்டு கம்பெனிகள். ஊர் ஒருவரிடம் கிணறு வெட்டும் கருவியையும், இன்னொருவரிடம் பந்தல் காலையும் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டது. நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்றோம். சில வருடம் நடத்திப் பார்த்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அலுத்துப்போய், 2016-இல் மாங்கோடிபிக்காரர்களின் அட்லஸ் சேவைக்கும், 2017-இல் அமேசானின் ஃபார்கேட்டுக்கும், 2019-இல் கூகுளின் கிளவுட் ரன்னுக்கும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பழைய கனவையே இரண்டு கடையில் தனித்தனியாக வாங்கினோம், இரண்டு பில்லோடு.

இனி பந்தலைப் பார்ப்போம். இதில் அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

கன்டெய்னர் என்பது தனி இயந்திரம் அல்ல. லினக்ஸ் தன்னிடம் ஓடும் ஒரு நிரலுக்குச் சுற்றிலும் தட்டி கட்டி, இதுதான் உன் உலகம் என்று நம்பவைக்கும் ஏற்பாடு. இவ்வளவு நினைவகம், இவ்வளவு சிபியு என்று அளந்து கொடுக்கும் வசதியை கூகுள் பொறியாளர்கள் 2006-இல் எழுதத் தொடங்கினார்கள்; 2008-இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. டாக்கர் செய்தது அந்தத் தட்டி கட்டும் வேலையை யார் வேண்டுமானாலும் ஒரு கட்டளையில் செய்யலாம் என்று ஆக்கியதுதான்.

கன்டெய்னரின் சுபாவம் மறதி. செத்து மறுபடி பிறக்கும்போது முந்தைய ஜென்மம் எதுவும் அதற்கு நினைவிருக்காது. ஹெரோக்கு என்ற ஹோஸ்டிங் சேவை தன்னிடம் ஓடும் ஒவ்வொரு நிரலையும் தினம் ஒருமுறையாவது நிறுத்தித் திரும்ப ஓட்டும். கிளவுட் ரன்னில் வழக்கமாக ஒரு கோப்பை எழுதினால் அது நினைவகத்தில்தான் உட்காரும், கன்டெய்னர் போனால் அதுவும் போகும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் வாடிக்கையாளருக்கு அனுப்பும் ரசீதுகளை பிடிஎஃப்பாக ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தோம். சொந்த சர்வரில் நாலு வருடம் ஓடிய பழக்கம். கன்டெய்னருக்கு மாறிய மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சின்னத் திருத்தம் ஒன்றை டெப்லாய் செய்தோம். ஃபோல்டர் காலி. கணக்குப் பிரிவிலிருந்து வந்த அம்மா "தம்பி, ரசீதெல்லாம் எங்க?" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. தரவுத்தளத்தில் தொகையும் தேதியும் பத்திரமாக இருந்ததால், சனி ஞாயிறு உட்கார்ந்து எல்லா ரசீதையும் மறுபடி அச்சடித்தோம்.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் புரிந்தது இது. கன்டெய்னர் மறப்பதால்தான் அதை மாற்றுவது சுலபம். நினைவு எதுவும் அதில் இல்லை, அதனால் விட்டுவிட்டு வருவதற்கும் எதுவும் இல்லை. ஃபார்கேட்டில் ஓடும் அதே இமேஜ் கிளவுட் ரன்னிலும் அஸூர் கன்டெய்னர் ஆப்ஸிலும் ஓடும். 2022 நவம்பரில் ஹெரோக்கு இலவச சேவையை நிறுத்தியபோது சின்னச் சின்ன ப்ராஜெக்ட் வைத்திருந்தவர்கள் புலம்பினார்கள், திட்டினார்கள், பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு இடம் போய்விட்டார்கள். நான் கேட்ட புலம்பல் முக்கால்வாசியும் நிரலை மாற்றுவதைப் பற்றியது அல்ல, கூடவே இருந்த இலவச தரவுத்தளத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதைப் பற்றியது.

பந்தலிலும் ஆணி அடித்திருப்பார்கள், அதை மறைக்க மாட்டேன். அனுமதிகள், ரகசியச் சாவிகள், லாக், உள் நெட்வொர்க் எல்லாம் ஒவ்வொரு கடையிலும் வேறு மாதிரி. அவற்றைப் பிடுங்கி மாற்ற ஒரு வாரம் ஆகும், பெரிய அமைப்பு என்றால் ஒன்றிரண்டு மாதம். குணத்திலும் வித்தியாசம் உண்டு. கிளவுட் ரன்னில் யாரும் வராதபோது ஒரு கன்டெய்னரும் ஓடாமல் விடலாம், பில்லும் ஓடாது. ஆனால் தூங்கி எழுபவருக்கு முதல் விருந்தாளியை வரவேற்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்நெட்டிஸை அமேசானின் ஈகேஎஸ் வழியாக எடுத்தால், ஒரு கன்டெய்னர்கூட ஓடாவிட்டாலும் கிளஸ்டர் இருக்கிறது என்பதற்காகவே மணிக்கு 10 சென்ட், மாதம் ஏறக்குறைய 72 டாலர். ஐந்து பேர் டீமுக்குக் குபர்நெட்டிஸ் எதற்கு என்று நான் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

இப்போது கிணற்றுக்கு வருவோம். இங்கே நிதானமாகப் போகலாம்.

1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய எஸ்கியூஎல் உலகம் முழுவதும் அதிலிருந்து வந்தது. அதன் கணிதத்தை விட்டுவிட்டு நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். தகவலை எப்படி அடுக்கி வைத்திருக்கிறோம் என்பது, பிற்பாடு அதை எப்படிக் கேட்கப்போகிறோம் என்பதைக் கட்டுப்படுத்தக் கூடாது. வாடிக்கையாளர் ஒரு அட்டவணை, ஆர்டர் ஒரு அட்டவணை, பொருள் ஒரு அட்டவணை. நாளை எவர் எந்தக் கேள்வியோடு வந்தாலும் இணைத்துப் பதில் சொல்லலாம். கேள்வி தெரியாமலே வெட்டி வைக்கிற கிணறு இது.

நோஎஸ்கியூஎல் இதற்கு நேர் எதிர் பேரம் பேசுகிறது. என்ன கேட்கப்போகிறாய் என்று இப்போதே சொல், அதை எத்தனை கோடிப் பேர் கேட்டாலும் மின்னல் வேகத்தில் கொடுக்கிறேன் என்கிறது. நேர்மையான பேரம்தான். வேகம், அளவு என்று அதில் பாதியை விளம்பரத்தில் போடுகிறார்கள். கேள்வியை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிற மீதிப் பாதியைப் போடுவதில்லை.

இந்தப் பேரம் எங்கே பிறந்தது என்று பார்த்தால் அதன் நியாயம் புரியும். 2004-இன் பண்டிகைக் காலத்தில் அமேசான் தன் தரவுத்தளங்களின் எல்லையை முட்டியது, கடை தடுமாறியது. அதன்பின் உட்கார்ந்து, நாம் உண்மையில் தரவுத்தளத்திடம் என்னதான் கேட்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 70 சதவீதம் ஒரே ஒரு சாவியைக் கொடுத்து ஒரே ஒரு வரியை வாங்குவது. இன்னொரு 20 சதவீதம் பல வரிகளை வாங்குவது, ஆனால் ஒரே அட்டவணையிலிருந்து. அட்டவணைகளை இணைக்கும் அந்தப் பெரிய வித்தை அவர்களுக்கு அபூர்வமாகத்தான் தேவைப்பட்டது. அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் டைனமோ. 2007-இல் கட்டுரையாக வந்தது. வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கூடையில் போட்டால், எந்த இயந்திரம் விழுந்து கிடந்தாலும் அது கூடையில் விழ வேண்டும் என்பதே அவர்கள் வைத்த நிபந்தனை. டைனமோடிபி என்கிற விற்பனைச் சேவை 2012 ஜனவரியில் வந்தது.

கவனியுங்கள், அவர்கள் முதலில் எண்ணினார்கள். பிறகுதான் வெட்டினார்கள். நாம் எண்ணாமல் வெட்டுகிறோம்.

ஒரு உதாரணம் போடுகிறேன். பஸ் டிக்கெட் முன்பதிவு செயலி. பதிவு எண்ணைச் சாவியாக வைத்து டைனமோடிபியில் போடுகிறீர்கள். பயணி எண்ணைத் தட்டினால் டிக்கெட் கண்ணிமைப்பதற்குள் வந்து நிற்கும். அடுத்த தீபாவளிக்கு மேனேஜர் வந்து, "முந்தின நாள் எந்த ரூட்டில் கேன்சல் அதிகம்?" என்கிறார். எஸ்கியூஎல்லில் இது நாலு வரி. இங்கே ரூட்டைச் சாவியாக நீங்கள் வைக்கவில்லை. ஒன்று, புதிதாக ஒரு இன்டெக்ஸ் கட்ட வேண்டும். அல்லது, அட்டவணை முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். படித்த ஒவ்வொன்றுக்கும் காசு. சரி, முதலிலேயே ரூட்டையே சாவியாக வைத்துவிட்டால்? சென்னை–மதுரை ரூட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் எல்லாரும் ஒரே சாவியில் வந்து இடிப்பார்கள். டைனமோடிபி தகவலைப் பிரித்து வைக்கும் ஒவ்வொரு பகிர்வும் நொடிக்கு 1,000 எழுதும் அலகுகளும் 3,000 வாசிப்பு அலகுகளும் மட்டுமே தாங்கும். மொத்த அட்டவணைக்கு எவ்வளவு காசு கட்டியிருந்தாலும் அந்த ஒரு வாசலின் அகலம் அவ்வளவுதான்.

மாங்கோடிபி இவ்வளவு கறார் இல்லை. ஜேசான் மாதிரி ஆவணம் ஆவணமாகப் போடலாம், ஒரு ஆவணம் 16 எம்பி வரை. பிற்பாடு பல விதமாகக் கேட்கலாம், இன்டெக்ஸ் சேர்க்கலாம். பல ஆவணங்களை ஒரே பரிவர்த்தனையில் மாற்றும் வசதியும் 2018-இல் வந்துவிட்டது. அதன் சிக்கல் இந்தத் தாராளத்திலேயே இருக்கிறது. கட்டமைப்பு வேண்டாம் என்று அது சொல்லும்போது, கட்டமைப்பே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கட்டமைப்பு எங்கும் போகவில்லை, வேலையை விட்டுப் போனவர்களின் நிரலுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. நான் ஒருமுறை ஆறு வருடப் பழைய மாங்கோ தொகுப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். வாடிக்கையாளரின் தொலைபேசி எண் 'போன்' என்ற பெயரில் சிலருக்கு, 'மொபைல்' என்று சிலருக்கு, 'மொப்நோ' என்று சிலருக்கு. ஒன்றில் எண்ணாக, இன்னொன்றில் எழுத்துச் சரமாக, மூன்றாவதில் இரண்டு எண்களைக் காற்புள்ளி போட்டு. மூன்று டெவலப்பர்கள், மூன்று காலம். மண்ணடுக்கைப் பார்த்துக் காலம் சொல்கிற கீழடி அகழாய்வுக்காரர் மாதிரி, எந்தப் பையன் எப்போது வேலை பார்த்தான் என்று என்னால் சொல்ல முடிந்தது. ஆவணத்தின் வடிவத்தைச் சரிபார்க்கும் விதியை மாங்கோடிபியிலேயே எழுதி வைக்கலாம், வசதி இருக்கிறது. எழுதத்தான் ஆள் இல்லை.

இனி நான் சொல்லப்போவது ஒரு கிணறு மாற்றிய கதை. டிஸ்கார்ட் என்கிற உரையாடல் செயலியை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பயன்படுத்தியிருப்பார்கள். அதன் பொறியாளர்களே 2017-லும் 2023-லும் எழுதி வெளியிட்டது இது.

2015-இல் தொடங்கும்போது எல்லாச் செய்திகளையும் மாங்கோடிபியில் போட்டார்கள். சீக்கிரம் தொடங்க வேண்டும், பிறகு மாறலாம் என்று தெரிந்தே எடுத்த முடிவு. அந்த நவம்பரிலேயே 10 கோடி செய்திகள் சேர்ந்துவிட்டன. தகவலும் இன்டெக்ஸும் நினைவகத்தில் அடங்கவில்லை, வேகம் தாறுமாறானது. அப்போது அவர்கள் செய்த முதல் வேலை, தங்கள் பயனர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தது. பிறகு கசாண்ட்ரா என்ற இன்னொரு நோஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாறினார்கள். எந்தச் சேனல், எந்தப் பத்து நாள் என்பது சாவி. அழகான வடிவமைப்பு. 2017-இல் 12 இயந்திரங்கள்.

மாறிய பிறகு முதல் ஆறு மாதம் சுகமாகப் போனது. ஒருநாள் கசாண்ட்ரா மூச்சே விடவில்லை. தேடிப் பார்த்தால் ஒரு பொதுச் சேனலைத் திறக்க 20 நொடி ஆகிறது. என்ன இருக்கிறது அதில் என்று உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒரே ஒரு செய்திதான் இருந்தது.

காரணம் இதுதான். கசாண்ட்ராவில் ஒன்றை அழித்தால் அது உடனே போய்விடாது. 'இவர் இறந்துவிட்டார்' என்று ஒரு குறிப்பு எழுதப்படும். ஆங்கிலத்தில் அதைக் கல்லறைக் கல் என்கிறார்கள். நாம் நடுகல் என்று வைத்துக்கொள்வோம். பிரிந்து கிடக்கும் இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் மரணச் செய்தி போய்ச் சேரும்வரை நடுகல் நிற்கத்தான் வேண்டும். அந்தச் சேனலின் சொந்தக்காரர்கள் லட்சக்கணக்கான செய்திகளை நிரல் போட்டு அழித்து ஒன்றை மட்டும் விட்டிருந்தார்கள். அந்த ஒன்றைத் தேடி கசாண்ட்ரா லட்சக்கணக்கான நடுகற்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது.

அதைச் சரிசெய்தார்கள். ஆனால் ஊர் வளர்ந்தது. 2022-இன் தொடக்கத்தில் 12 இயந்திரம் 177 ஆகியிருந்தது; செய்திகள் லட்சம் கோடிக் கணக்கில். பெரிய சேனல் ஒன்றில் யாராவது எல்லாரையும் கூப்பிட்டு ஒரு அறிவிப்பு போட்டால், எல்லாரும் ஒரே நேரத்தில் அதே பகிர்வில் வந்து விழுவார்கள்; நம் தீபாவளி ரூட் கதைதான். கடைசியில் சில்லாடிபி என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாறுவது என்று முடிவானது. முதலில் போட்ட கணக்குப்படி மாற்றிக் கொட்டவே மூன்று மாதம். பொறுமை இல்லாமல் ஒரு பொறியாளர் குழு மாற்றும் நிரலை ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதியது. நொடிக்கு 32 லட்சம் செய்திகள். ஒன்பது நாளில் வேலை 99.9999 சதவீதம் முடிந்து, அங்கேயே நின்றுவிட்டது.

எது தடுத்தது என்று நினைக்கிறீர்கள்? நடுகற்கள். பழைய கிணற்றில் யாரும் கூட்டிப் பெருக்காமல் விட்ட அழிப்புக் குறிப்புகள் ஒரு மூலையில் மலையாகக் குவிந்திருந்தன. அதைப் படிக்க முடியாமல் நிரல் தவித்தது. அந்த மூலையைச் சுத்தம் செய்தார்கள். சில நொடிகளில் முடிந்தது. 177 இயந்திரம் இருந்த இடத்தில் 72 போதும் என்றானது.

இதை வெற்றிக் கதையாகத்தான் அவர்கள் சொல்கிறார்கள், வெற்றிதான். ஆனால் எத்தனை வருடம், எவ்வளவு தேர்ந்த பொறியாளர்கள் என்று கணக்குப் பாருங்கள். அதே கம்பெனி தன் கன்டெய்னர்களை எங்கே ஓட்டுகிறது என்று யாராவது இப்படி மூச்சுவிடாமல் கதை கேட்டிருக்கிறோமா?

லண்டனின் கார்டியன் பத்திரிகை எதிர்த் திசையில் போனது. தன் கட்டுரைகளை மாங்கோடிபியிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற எஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாற்றி, 2018-இல் அதைப் பற்றி எழுதியது. பழையதற்கும் புதியதற்கும் முன்னால் ஒரு இடைத்தரகு நிரலை நிறுத்தி, வரும் ஒவ்வொரு வேலையையும் இரண்டு பக்கமும் அனுப்பி, பதில்கள் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்திரிகை ஒருநாளும் நிற்கவில்லை. ரசமான விஷயம் என்னவென்றால், போஸ்ட்கிரெஸுக்குப் போன பிறகும் கட்டுரைகளை ஜேசான் ஆவணமாகவே வைத்துக்கொண்டார்கள். 2014 இறுதியில் வந்த 9.4 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸிலேயே ஜேசான்பி என்ற வகை உண்டு. ஆவணம் வேண்டும் என்பதற்காக எஸ்கியூஎல்லை விட்டு ஓட வேண்டிய அவசியம் அன்றே பாதி போய்விட்டது.

பந்தலும் கிணறும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான விபத்து அங்கேதான். பந்தல் விரியும், கிணறு விரியாது. கூட்டம் வந்ததும் கன்டெய்னர் சேவை இரண்டை இருபதாக்கும். மாங்கோடிபியின் டிரைவர் வழக்கமாக ஒவ்வொரு நிரலிலும் 100 இணைப்புகள் வரை திறக்கும். இருபது கன்டெய்னர் என்றால் 2,000 வரை போகலாம். அட்லஸின் இலவச அடுக்கு தாங்குவது 500. போஸ்ட்கிரெஸ் இன்னும் சிக்கனம்: நாம் மாற்றாதவரை 100 இணைப்புதான், ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ். கிணற்றுச் சுவரைச் சுற்றி இருபது பேர் ஆளுக்கு நூறு வாளியோடு நின்றால் என்ன ஆகும்? தண்ணீர் இருக்கும், வாளி இறக்க இடம் இருக்காது. நடுவில் பிஜிபவுன்சர் போல ஒரு தரகரை நிறுத்துங்கள், அல்லது கன்டெய்னர்களின் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு போடுங்கள். இந்த இடத்தில் டைனமோடிபியைப் பாராட்ட வேண்டும். அது ஒவ்வொரு கோரிக்கையையும் தனி எச்டிடிபி அழைப்பாகவே வாங்குவதால் இந்த வாளிக் கணக்கே அங்கு இல்லை. கணத்தில் ஆயிரமாகப் பெருகும் நிரல்களோடு அது ஒத்துப்போவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று தூரம். பழக்கதோஷத்தில் தரவுத்தளத்தை வர்ஜீனியாவிலும் கன்டெய்னரை மும்பையிலும் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி போய்த் திரும்ப ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட். ஒரு பக்கம் காட்ட முப்பது கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் நிரல் என்றால் ஆறு நொடி. வெல்லம் வாங்க அமெரிக்கா போய் வந்து பாயசம் வைக்கிற கதை. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயேகூட மையம் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், இரண்டையும் ஒரே ஊரில் வையுங்கள்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 அக்டோபரில் மாங்கோடிபி தன் உரிமத்தை இறுக்கமாக மாற்றியது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளமும் மாற்றியது. உடனே அதிலிருந்து வால்கீ என்று ஒரு கிளை பிரிந்தது. நேற்றுவரை ஊர்ப்பொதுவாக இருந்த கிணற்றின் பட்டா யார் பெயரில் என்று ஒருநாள் திடீரென்று கேள்வி வரலாம்.

மாணவர் ஒருவர் கை தூக்குகிறார். ஆமாம், நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். அந்த டீம் லீட் என்ன ஆனார் என்று கேட்கிறார். நியாயம்தான்.

போனில் அவருக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று. ஹோஸ்டிங் சண்டையை ஒருநாள் நிறுத்துங்கள். உங்கள் மேனேஜரும் கணக்குப் பிரிவும் வாடிக்கையாளரும் இந்தத் தகவலிடம் என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள் என்றேன். நேற்று ராத்திரி அவர் கூப்பிட்டார். பதினொரு கேள்வி வந்ததாம். அதில் நாலு, சாவியைக் கொடுத்து வரியை வாங்குவது. மீதி ஏழும் வாடிக்கையாளரையும் ஆர்டரையும் பொருளையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும் வகை. மாங்கோ தெரிந்த அந்தப் பையனே தாளைப் பார்த்துவிட்டு, "போஸ்ட்கிரெஸே போடலாம்" என்று சொல்லிவிட்டானாம்.

ஹோஸ்டிங் சண்டை என்ன ஆனது என்று கேட்டேன். நாலாவது வாரம் நடக்கிறதாம்.